கபிலன் வயிற்றில் மிளகாய்ச் செடி

கபிலனின் டயப்பர் சிங்கப்பூர் தெம்பனிஸ் வீட்டை விட்டுப் புறப்படும்போது அதற்குக் கிடைத்த மரியாதை, சாங்கி விமான நிலையச் சரக்குப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்ற நாளில் அவன் தாத்தா மாசிலாமணிக்குக்கூடக் கிடைத்ததில்லை. குளிர்பெட்டி, கையுறை, பெயர் எழுதிய சீட்டு. அப்பா திலீப் லிஃப்ட் வரை போய் வழியனுப்பிவிட்டு வருவார்.

பிறந்ததிலிருந்து மூன்று வயது வரை குழந்தையின் குடலில் வைரஸ்கள் எப்படிக் குடியேறுகின்றன என்று டயப்பரிலிருந்து கண்டறியும் ஓர் ஆராய்ச்சி. நூற்றுக்கணக்கான குழந்தைகள் அதில் இருந்தார்கள். திலீப் சொல்லிக் கேட்டால் ஒரே ஒரு குழந்தைதான் இருந்தது. குடியிருப்பாளர் கூட்டத்தில், கோயில் அன்னதான வரிசையில், ஒருமுறை லிஃப்டில் தப்பிக்க வழியில்லாமல் நின்ற சீன முதியவரிடம்கூட, "என் மகன் அறிவியலுக்குப் பங்களிக்கிறான்" என்று அறிவித்திருந்தார். மகனும் பங்களித்துக்கொண்டுதான் இருந்தான், எந்தச் சிரமமும் இல்லாமல்.

பதினொரு மாதக் குழந்தையின் சாப்பாட்டுக்கும் திலீப் கொள்கை வகுத்திருந்தார். ஒரு வயது வரை உப்பு இல்லை, சர்க்கரை இல்லை, மிளகாய் என்ற பேச்சே இல்லை. தாய்ப்பால், கஞ்சி, வெளிநாட்டிலிருந்து வரும் ஆர்கானிக் காய்கறிக் கூழ், அவ்வளவுதான். இந்தக் கொள்கையில் ஒரே ஓர் ஓட்டை இருந்தது: சனிக்கிழமை. அன்று மாசிலாமணி பேரனைத் தூக்கிக்கொண்டு டவுன்டவுன் லைன் ரயிலில் ஏறி லிட்டில் இந்தியா போவார். மனைவி போன பிறகு அவருக்கென்று மிச்சமிருந்தது அந்த ஒரு நாள்தான். மற்ற நாட்களெல்லாம் அதற்காகக் காத்திருக்கும் நாட்கள்.

அந்தச் சனிக்கிழமை அவர் தள்ளுவண்டியை விரித்துக்கொண்டிருந்தபோது ஆராய்ச்சிக் குழுவிலிருந்து டாக்டர் ஷமீமா வந்தார். ஒவ்வொரு குழந்தையின் முடிவையும் தனியாகச் சொல்வது அவர்கள் வழக்கமில்லை. திலீப் மெயில் மேல் மெயில் போட்டு அந்த வழக்கத்தைக் களைப்படைய வைத்திருந்தார்.

"பிறக்கும்போது குடல்ல வைரஸ் ஏறக்குறைய இல்லவே இல்லை," என்றார் ஷமீமா. "முதல்ல பாக்டீரியா வரும். அதுக்குள்ள ஒளிஞ்சிருந்த வைரஸ் வெளிய வரும். அப்புறம் சாப்பாடு, தரை, பொம்மை, முத்தம்னு எல்லாத்துலேருந்தும் புதுசு புதுசா வரும், போகும். மூணு வயசுக்குள்ள அவனுக்குன்னே ஒரு கூட்டம் அமைஞ்சிடும். பெரும்பாலானது பாக்டீரியாவைத்தான் பிடிக்கும். நம்மள ஒண்ணும் பண்ணாது."

"என் மகனோடது ஏதாவது ஸ்பெஷலா?"

"ரொம்ப நார்மல்."

திலீப்பின் முகம் விழுந்தது. அவரை அதற்கு முன் யாரும் அவ்வளவு கடுமையாகத் திட்டியதில்லை.

ஷமீமாவுக்கே பாவமாகப் போயிருக்க வேண்டும். "ஒண்ணு மட்டும் வேடிக்கையா இருந்துச்சு. மிளகாய்ச் செடிக்கு நோய் கொடுக்கிற வைரஸ் ஒண்ணு இருக்கு. பெரியவங்ககிட்ட சகஜம். சாப்பாட்டோட வரும், அப்படியே போயிடும். இந்த வயசுல அவ்வளவா பார்க்கிறதில்லை. இவன்கிட்ட நல்லாவே இருக்கு."

தள்ளுவண்டியின் பூட்டில் மாசிலாமணியின் கை அப்படியே நின்றது. போன வாரம் வடை. அதற்கு முந்தின வாரம் தோசை. விரலைச் சட்னியில் வைத்து, அதைப் பேரன் நாக்கில், சும்மா ஒரு புள்ளி. இல்லை, கபிலனே கையை விட்டானா? மீன் குழம்பு நாள் வேறு இருக்கிறதே. எது போய் மாட்டியது என்று அவருக்குப் புரியவில்லை. செடிக்கு வரும் நோய்க்குப் பிள்ளை வயிற்றில் என்ன வேலை என்பது அதைவிடப் புரியவில்லை. சரக்குப் பிரிவில் பெட்டியின் மேல் ஒட்டிய சீட்டைப் பார்த்தே எந்த ஊர் என்று சொல்லிவிடலாம். ஒருவேளை இதிலும்?

"ஏம்மா," என்றார், "எந்தக் கடைன்னுகூடத் தெரிஞ்சிடுமா?"

எல்லார் தலையும் அவர் பக்கம் திரும்பியது. கபிலன் மட்டும் பிளாஸ்டிக் யானையின் காதைச் சப்பிக்கொண்டிருந்தான்.

"எந்தக் கடை, மாமா?" என்றார் திலீப்.

"பொதுவாக் கேட்டேன், மாப்பிள்ளை."

"பொதுவா, எந்தக் கடை?"

"அப்பா!" என்றாள் மகள் தாரணி. அதில் பாதி கோபம், பாதி அடக்கிய சிரிப்பு.

திலீப் எழுந்து நின்றார். உட்கார்ந்தபடியே சொல்லக்கூடியதையும் நின்று சொல்வது அவர் பழக்கம். "இது நம்பிக்கை சம்பந்தப்பட்ட விஷயம், மாமா. குழந்தையோட குடல் ஒரு புனிதமான சூழல். இனிமே சனிக்கிழமை வெளிய கூட்டிட்டுப் போக வேணாம். இங்கயே வந்து பாருங்க. நாங்க இருக்கும்போது."

மாசிலாமணி தள்ளுவண்டியை மடிக்கப் பார்த்தார். அது மடியவில்லை. எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்பதும் மறந்துவிட்டது.

தாரணி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு ஷமீமாவிடம் கேட்டாள்: "மிளகாய்ல மட்டுமா? குடைமிளகாய்லயும் அந்த வைரஸ் வருமா?"

"வரும். ரெண்டும் ஒரே குடும்பம்தானே."

தாரணி குளிர்பதனப் பெட்டியைத் திறந்து ஒரு கண்ணாடிப் புட்டியை எடுத்து மேசை மேல் வைத்தாள். திலீப் வரவழைக்கும் கூழ். அதன் மேல் ஒட்டிய படத்தில் ஒரு சிவப்புக் குடைமிளகாய் கண்ணடித்துச் சிரித்தது.

"அது ஆர்கானிக்," என்றார் திலீப்.

"வைரஸுக்கு அது தெரியாது லா."

"நல்லாக் கொதிக்க வெச்சிருப்பாங்க!"

"இது லேசுல அழியாது, சார்," என்றார் ஷமீமா. "மிச்சம் மீதி இருந்தாலே எங்க டெஸ்ட்ல தெரிஞ்சிடும்."

"அப்ப கடையா, புட்டியா?"

"தெரியாது. ரெண்டுமா இருக்கலாம். கொடுத்தவங்க பேரை வைரஸ் சொல்லாது."

திலீப் மாமனாரைப் பார்த்தார், புட்டியைப் பார்த்தார், தீர்ப்பை யார் மேல் இறக்குவது என்று தெரியாமல் மறுபடி மாமனாரைப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமினார். "சரி. விஞ்ஞானபூர்வமாப் போவோம். ரெண்டையும் நிறுத்துவோம். அப்புறம் ஒண்ணொண்ணா ஆரம்பிச்சு..."

"ஐயோ, வேணாம் சார்!" ஷமீமா பதறிவிட்டார். "சாதாரண வாழ்க்கையில என்ன நடக்குதுன்னு பார்க்கிறதுதான் ஆராய்ச்சியே. எங்களுக்காக எதையும் மாத்தாதீங்க. மாத்திட்டா நாங்க பார்க்கிறது கபிலனை இல்லை, உங்களை."

"அப்ப சனிக்கிழமை?"

"போயிட்டிருந்தாப் போகணும். அதுவும் டேட்டாதான்." மாசிலாமணி பக்கம் திரும்பினார். "அங்கிள், காரம் ஜாஸ்தி வேணாம், சின்ன நாக்கு. இது டாக்டரா சொல்லலை, நானும் ஒரு புள்ளை வளர்க்கிறேன்."

திலீப் உட்கார்ந்தார். அறிவியலை எதிர்த்து நிற்க அவரால் முடியாது, அது அவருடைய உறவுக்காரர் மாதிரி. ஆனால் மாசிலாமணி கதவைத் தாண்டுவதற்குள் தேறிவிட்டார். "மாமா, கவனமா இருங்க. நீங்க இப்ப செய்யறது களப்பணி."

லிட்டில் இந்தியாவில், பஃபலோ ரோடு பக்கத்துக் கடையில், கடைக்காரர் முத்தையா வழக்கம்போல வடைத் தட்டையும் சட்னிக் கிண்ணத்தையும் கொண்டுவந்து வைத்தார். மாசிலாமணி கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். போன வாரம் வரை திருட்டு. இன்றைக்குக் கடமை. சட்னி என்னவோ அதே சட்னிதான்.

"என்ன சார், இன்னைக்குப் புள்ளைக்குச் சட்னி வேணாமா?"

"எதையும் மாத்தக் கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க."

"சட்னியையா?"

"எனக்கும் விளங்கல முத்தையா. ஏதோ ஆராய்ச்சி."

விரலைக் கிண்ணத்தில் நனைத்தார். வழக்கமாகத் தொடும் அளவு எவ்வளவு என்று சட்டென்று நினைவுக்கு வரவில்லை. இதுவரை அதை யாரும் கேட்டதில்லை. கூடுதலாகிவிட்டதோ, குறைந்துவிட்டதோ என்று அவர் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, கபிலன் அதை இரண்டு கையாலும் பிடித்து வாய்க்குள் இழுத்துக்கொண்டான்.