எடைக்குப் போன சைக்கிள்

பேருந்தில் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த புருஷன் இரண்டு தடவை தொண்டையைக் கனைத்துப் பார்த்தான். பிறகு, "எட்டு வருஷமா நீ அதைத் தொடவே இல்லையே" என்றான்.

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். ஓட்டவில்லைதான். இரண்டு பிள்ளைகள், ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை, அதில் பாதி நைட் டியூட்டி. போதாததற்கு, "விழுந்து கையை உடைச்சுக்கிட்டா வீட்டை யார் பாக்குறது?" என்று அவன் சிரித்துக்கொண்டே சொன்ன சொல். எல்லாம் சேர்ந்து அவளுடைய ரேஸ் சைக்கிளைக் குளியலறைக்குப் பக்கத்து மூலையில் பழைய போர்வை ஒன்றுக்கு அடியில் ஒதுக்கிவிட்டன. ஆனால் அவ்வப்போது போர்வையை விலக்கிச் செயினுக்கு எண்ணெய் விட்டவள் அவள். அது அவனுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் அளவுக்கு அவன் அந்த மூலையில் குனிந்ததே இல்லை.

போன வாரம் டியூட்டி முடிந்து வந்தபோது அந்த மூலையில் புது வாஷிங் மெஷின் நின்றது. "உனக்காகத்தான்" என்றான். சைக்கிள் எங்கே என்று கேட்டாள்.

"பழைய இரும்புக்காரன்கிட்ட போட்டுட்டேன்."

"எவ்வளவுக்கு?"

"எடைக்குத்தான். பாக்க அவ்வளவு பெரிசா இருந்துச்சு, தராசுல வெச்சா பத்து கிலோ கூட இல்ல. முந்நூறுதான் தேறிச்சு." சைக்கிள் தன்னை ஏமாற்றிவிட்டது என்கிற குறை அவன் குரலில் இருந்தது.

கல்யாணத்துக்கு முன்னால், வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி அவள் அதை வாங்கியதே அந்த லேசுக்காகத்தான். கனம் குறையக் குறைய விலை ஏறுகிற பொருளை, கனத்துக்குக் காசு கொடுப்பவனிடம் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறான். அன்றைக்கு அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அதனாலேயே கத்தவில்லை. இரும்புக்காரனைத் தேடிப் பிடித்து, சைக்கிள் எந்தக் கடைக்குக் கைமாறியது என்று விசாரித்துக்கொண்டாள்.

பழைய சைக்கிள்களை மட்டும் வாங்கி விற்கும் கடை அது. இருவரும் பேருந்தில் போய் இறங்கியது அங்கேதான். கடைக்காரரை எல்லோரும் ஸ்போக்ஸ் என்றார்கள். ஆள் சக்கரக் கம்பி மாதிரி அவ்வளவு ஒல்லி. உள்ளே நுழைந்ததும் அவள் பார்த்துவிட்டாள். கூரைக் கொக்கியில், நீல நிறம் மங்காமல், அவளுடையது தொங்கியது.

"அது என்னோடது அண்ணே. என் வீட்டுக்காரர் எடைக்குப் போட்டுட்டார்."

ஸ்போக்ஸ் அவள் புருஷனை மேலும் கீழும் பார்த்தார். "இதையா? எடைக்கா?" பிறகு அவளிடம், "பாவமாத்தான் இருக்கும்மா. ஆனா நான் காசு கொடுத்து வாங்கினது. அதுக்காக விலையை ஏத்தவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். நம்ம கடையில பேரம் கிடையாது, தெரியுமில்ல?"

தெரியாது என்று தலையாட்டினாள். அவர் ஒரு சின்னக் கரும்பலகையை எடுத்தார். நியாயமான விலை என்று தனக்குப் படுவதை அவர் ஒரு பக்கம் எழுதுவார். வாங்க வந்தவர் மறுபக்கம் எழுத வேண்டும். இரண்டும் கிட்டத்தில் இருந்தால் நடு விலைக்கு வண்டி கைமாறும். எட்ட இருந்தால் வண்டி திரும்பக் கொக்கிக்குப் போய்விடும். அந்த ஆளுக்கு அந்த வண்டி அப்புறம் கிடையாது.

"ஒரே தடவைதானா?"

"ஒரே தடவைதான். வாய்ப்பேச்சு இல்லைன்னா பொய்யும் இல்ல."

அவர் எழுதி, பலகையைக் கவிழ்த்து நீட்டினார். சைக்கிளையும் இறக்கி வைத்தார். புருஷன் அவள் காதருகே குனிந்தான். "பாதிக்குப் பாதி எழுது. அப்புறம் இழுத்துப் பேசிக்கலாம்."

"இன்னொரு வார்த்தை பேசினா உங்களைக் கொக்கியில மாட்டச் சொல்லிடுவேன்."

சாக்பீஸை எடுத்தாள். ஆகாயத்தைத் தொடும் ஓர் எண்ணை எழுதி அவன் முகத்தில் விட்டெறிய வேண்டும் போலிருந்தது. ஆனால் அந்தக் கோபத்துக்குக் கை கொடுத்தால் சைக்கிள் போய்விடும். வார்டில் காயத்தைப் பார்க்கிற கண்ணால் அதைப் பார்த்தாள். பெயின்ட் அசல். கியர் அசல். பின்சக்கரம் அசல் இல்லை, அவளே மாற்றியது, கழித்தாள். சீட் வெடித்திருந்தது, கழித்தாள். மேல் குழாயில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு நசுங்கல். மழையில் நடந்த ஒரு பந்தயத்தில், வளைவில் விழுந்து, எழுந்து, கடைசிக்கு முந்தின ஆளாக வந்து சேர்ந்தாள். அந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். பிறகு எழுதினாள். இருபத்திரண்டாயிரம்.

ஸ்போக்ஸ் பலகையைத் திருப்பினார். அவர் பக்கத்தில் பதினெட்டாயிரம் என்று இருந்தது.

"அந்த நசுங்கலுக்கு நீங்க ஒண்ணும் கழிக்கலையா?"

"அது நான் விழுந்தது அண்ணே."

"உங்களுக்கு அது விலை. எனக்குக் கழிவு." அவர் கொஞ்ச நேரம் பலகையையே பார்த்தார். "பரவாயில்ல, கிட்டதான் வந்திருக்கீங்க. இருபது கொடுங்க."

நைட் டியூட்டிக் காசை எடுத்துக் கொடுத்தாள்.

"இருபதாயிரமா?" புருஷன் வாசலுக்கு வந்ததும் ஆரம்பித்தான். "வாஷிங் மெஷினே அவ்வளவு ஆகலையே."

அவள் சீட்டைத் தன் உயரத்துக்கு இறக்கி, திருகை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

"சரி, வாங்கிட்ட. வீட்டுல எங்க நிறுத்துவ? அந்த இடத்துலதான் மெஷின் இருக்கே."

ஒரு காலைப் பெடலில் வைத்துக்கொண்டு அவனைத் திரும்பிப் பார்த்தாள். அன்று காலையிலிருந்து அப்போதுதான் அவன் முகத்தைப் பார்க்கிறாள்.

"அந்த மெஷின் எத்தனை கிலோ இருக்கும்?"

"அறுபது இருக்கும். ரெண்டு பேர் தூக்கிட்டு வந்தாங்களே."

"அப்ப நல்லாத் தேறும்" என்றாள்.

முதல் நாலு மிதியில் வண்டி ஆடியது. பிறகு நேரானது. அவனுக்கு விஷயம் பிடிபட்டபோது அவள் தெருமுனை திரும்பியிருந்தாள்.