பிச்சைக்கண்ணு கொடுத்தனுப்பிய துரும்பு

கொஞ்சம் கிட்டே வந்து உட்காருங்கள், மக்களே. பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டே கேட்கலாம். தேவசிகாமணி மோட்டார் சைக்கிளில் இலங்கையெல்லாம் சுற்றிவிட்டு வீடு திரும்பிய கதையைச் சொல்கிறேன். அழுகை வந்தால் அழுதுவிடுங்கள். நானும் கூட அழுவேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டாம் வருஷம் அது. தேவசிகாமணி பாளையங்கோட்டைக்காரன், மிஷன் பள்ளியில் படித்தவன், இயந்திரம் என்றால் கை தானாக ஓடும். படம் பிடிக்கிற துரை ஒருவர் அவனை ரிப்பேர் வேலைக்கு வைத்துக்கொண்டார். ஆள் உட்காரப் பக்கத்தில் ஒரு பெட்டி பூட்டிய மோட்டார் சைக்கிள் அவருடையது. கப்பல் ஏறுமுன் அதை ஓட்டிப் பார்க்க இருவரும் சீவலப்பேரி வரை வந்தார்கள். வாய்க்கால் ஓரச் சேற்றில் சக்கரம் புதைந்தது. நடவு நட்ட பெண்கள் விட்டுவிடுவார்களா?

"என்ன அண்ணாச்சி, ஒங்க வண்டிக்கும் நடவு நட ஆசையா?"

"தொரை கையில ஒரு முடி நாத்து குடுட்டீ, நட்டுட்டுப் போகட்டும்!"

சிரித்துக்கொண்டே வண்டியைத் தள்ளிவிட்டார்கள். ஒருத்தி மட்டும் பின்னாலேயே வந்தாள். ஆறுமுகத்தாய் என்று பெயர்.

"இலங்கைக்கா போறீக? எங்க வீட்டுக்காரரு பிச்சைக்கண்ணு அங்கனதான் தேயிலைத் தோட்டத்துல இருக்காரு. போயி எட்டு வருசமாச்சு, ஒரு சேதி இல்ல. பாத்தா, வாராரா மாட்டாரான்னு மட்டும் கேட்டுட்டு வாங்க."

"அம்புட்டுப் பெரிய ஊர்ல எப்படித் தாயி கண்டுபிடிக்க?"

"எடது காது பாதிதான் இருக்கும். சின்னதுல நாய் கடிச்சது."

எட்டு மாதம் மலையும் மழையுமாக அலைந்தார்கள். துரை படம் பிடிக்கும் நேரமெல்லாம் தேவசிகாமணி தோட்டத்து ஆட்களின் காதையே பார்த்துக்கொண்டிருந்தான். கடைசி வாரத்தில் பதுளைப் பக்கம் ஆள் அகப்பட்டான். பாதிக் காது, இடுப்பில் ஒரு பெண் குழந்தை. ஆறுமுகத்தாய் பேரைக் கேட்டதும் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டான். பிறகு கூரையிலிருந்து ஒரு துரும்பை உருவி நீட்டினான்.

"இத அவ கையில குடுத்துருங்க. வேற ஒண்ணும் சொல்ல வேண்டாம்."

அவன் குலத்தில், கட்டியவன் துரும்பு கொடுத்தால் அந்தக் கலியாணம் தீர்ந்தது. அவள் பிறந்த வீட்டுக்குப் போகலாம், வேறொருவனையும் கட்டலாம். இது சீவலப்பேரியில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மூன்று தலைமுறையாகக் கிறிஸ்து வேதத்தில் இருக்கும் குடும்பத்துப் பிள்ளைக்குத் தெரியாதே! புத்தகத்துக்குள் மயிலிறகு வைக்கிற மாதிரி, ஆசைக்குக் கொடுத்த ஞாபகப் பொருள் என்று நினைத்து, அதைக் கைக்குட்டையில் சுற்றி வைத்துக்கொண்டான்.

கொழும்பில் பயணம் முடிந்தது. துரை படம் பதிந்த கண்ணாடித் தகடுகளைப் பெட்டியில் அடுக்கி ஆணியடித்துவிட்டு, "வண்டி உனக்கே இருக்கட்டும்" என்று கைகொடுத்துச் சீமைக் கப்பல் ஏறினார். இவன் தூத்துக்குடிக் கப்பல் ஏறினான். அங்கே கப்பல் கரைக்கு வராது, படகில்தான் இறங்க வேண்டும். முகத்தில் தெறித்த உப்புத் தண்ணீரைத் துடைக்க மறதியாகக் கைக்குட்டையை உதறினான். துரும்பு கடலோடு போய்விட்டது.

கூரைத் துரும்புதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டான். வல்லநாடு தாண்டிச் சீவலப்பேரிக்குத் திரும்பியபோது, அறுப்பு முடிந்து ரோட்டோரம் வைக்கோல் படப்புகள் நின்றன. ஒரு துரும்பை உருவிப் பையில் வைத்தான்.

ஆறுமுகத்தாய் வாசலில் சுளகில் நெல் புடைத்துக்கொண்டிருந்தாள். மாமனார் மந்திரமூர்த்தி கயிறு திரித்துக்கொண்டிருந்தார். வண்டிச் சத்தம் கேட்டதும் அவள் கண் நேரே பக்கத்துப் பெட்டிக்குப் போனது. அதில் ஆள் இல்லை.

"பாத்தீகளா, அண்ணாச்சி?"

"பாத்தேன் தாயி! நல்லா இருக்காரு. ஒங்க கையில குடுக்கச் சொல்லி இதக் குடுத்து விட்டாரு." முகமெல்லாம் சிரிப்பாகத் துரும்பை நீட்டினான்.

சுளகு நின்றது. கிழவர் எழுந்துவிட்டார். "என்ன வே இது? என்னன்னு தெரிஞ்சுதான் குடுக்கீரா? கட்டுனவன் பொண்டாட்டியத் தீத்து விடுததுக்குக் குடுக்கிறது வே இது!"

தேவசிகாமணி நீட்டிய கையை இழுத்துக்கொண்டான். "ஐயா, இது அவரு குடுத்தது இல்ல. அது கடல்ல பறந்துட்டு. இத நாந்தான் ரோட்டுப் படப்புல உருவுனேன்."

"கேட்டியா தாயி!" என்றார் கிழவர். அந்த வீட்டில் அவருக்கு அவளைத் தவிர யாரும் இல்லை. "எவன் படப்பு வைக்கோலோ! இது செல்லாது. அவன் இன்னும் ஒன் புருசந்தான்."

ஆறுமுகத்தாய் தேவசிகாமணியைப் பார்த்தாள். "வேதக்காரரு பொய் சொல்ல மாட்டீக. அவரு குடுத்தாரா, இல்லியா?"

இல்லை என்று ஒரு சொல் போதும். கிழவரின் கண் அதைத்தான் கெஞ்சியது. சொன்னால் இன்னும் எத்தனை வருஷம் இவள் இந்த ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பாளோ என்று நினைத்தான். தலையைக் குனிந்துகொண்டான்.

"குடுத்தாரு."

"கூட ஆரும் இருந்தாகளா?"

"இடுப்புல ஒரு பொம்பளப் பிள்ள இருந்துது, தாயி."

அவள் இரண்டு கையாலும் துரும்பை வாங்கிக்கொண்டாள். அழவில்லை. நெல்லை அள்ளி உள்ளே வைத்தாள்.

"நீயும் போயிட்டா எனக்கு ஆரு இருக்கா?"

"கஞ்சி காய்ச்சி வச்சிட்டுத்தான் போவேன், மாமா. மேலுக்கு முடியலன்னா ஆள் சொல்லி விடுங்க. வாரேன்."

சொன்னபடி காய்ச்சி இறக்கினாள். ஒரு துணி மூட்டையோடு நாங்குநேரிக்கு, பிறந்த வீட்டுக்குப் புறப்பட்டாள்.

"பெட்டி காலியாத்தான் இருக்கு. ஏறுங்க, கொண்டு விட்டுடுதேன்" என்றான் தேவசிகாமணி.

அவள் பெட்டியின் விளிம்பைத் தொட்டுப் பார்த்தாள். "எட்டு மாசமா அவரு இதுல உக்காந்து வாற மாதிரியே நெனச்சிட்டேன், அண்ணாச்சி. நான் பைய நடந்துக்கிடுதேன்."

அவள் முன்னே நடந்தாள். சத்தம் போட்டுக்கொண்டு அவளைக் கடந்து போக அவனுக்கு மனம் வரவில்லை. பாளையங்கோட்டை வரைக்கும் வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்தான். வாசலில் காத்திருந்த அவன் அம்மா சாரம்மாள் ஓடிவந்தாள்.

"என்னலே, வண்டி ஓடலியா?"

"ஓடும்மா" என்றான். வண்டியை வாசலில் நிறுத்தி, காலிப் பெட்டியைத் துணியால் மூடினான்.

மக்களே, உங்கள் வீட்டிலிருந்து கடல் தாண்டிப் போனவர்கள் நல்லபடியாக வந்து உங்கள் வாசலில் செருப்பைக் கழற்றட்டும். உங்கள் அடுப்பில் ஏறும் உலைக்கு உண்ண ஆள் குறையாமல் இருக்கட்டும். நிறைவாக இருங்கள்.