கிலோ செவனின் வலது பக்கம்

விபத்து நடந்து ஐந்து மாதம் கழித்துத்தான் பூங்கோதை அந்தக் கிளைடரை, இன்ஜின் இல்லாத அந்தச் சின்ன விமானத்தை, மறுபடி தொட்டாள். அதுவும் கிளப்பின் தலைமைப் பயிற்சியாளர் கோபு சார் கேட்டுக்கொண்டதால். உடைந்து கிடந்த 'கிலோ செவன்' கிளைடரிலிருந்து ரேடியோவையும் டிரான்ஸ்பாண்டரையும் கழற்றி, கிளப்பில் மிச்சமிருந்த இன்னொரு கிளைடரில் பொருத்த வேண்டும். டிரான்ஸ்பாண்டர் இல்லாமல் இனிமேல் எதையும் மேலே விடமாட்டோம், ராடாரில் கிளைடர் தெரிந்தாக வேண்டும் என்று விமான நிலையத்திலிருந்து கடிதம் வந்திருந்தது.

"உன்னால முடியலேன்னா வேற ஆளைப் பார்க்கறேம்மா" என்றார் கோபு சார். விமானப்படையில் இருபது வருஷம் இருந்தவர். எதையும் சுற்றி வளைத்துப் பேசமாட்டார்.

"முடியும் சார்" என்றாள். முடியாது என்று சொல்ல ஒரு காரணமும் தோன்றவில்லை. ஏப்ரலிலிருந்தே அவளுக்கு எதுவும் தோன்றுவதில்லை.

பூங்கோதைக்கு முப்பத்தொன்பது வயது. திருச்சி விமான நிலையத்திலிருந்து வங்காளத்துக்கு மாற்றலாகி வந்த ரேடியோ அதிகாரி. பாலிகஞ்சில் ஒரு வீட்டு மாடியில் தனியாக இருந்தாள். ஷிஃப்ட் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் ஊருக்குத் தெற்கே இருந்த அந்தச் சின்னத் திடலுக்குப் போய் கிளப்பின் ரேடியோ வேலைகளைப் பார்த்துக் கொடுப்பாள். அவள் கையெழுத்துப் போட்டால்தான் ரேடியோ சரி என்று அர்த்தம்.

கிலோ செவனை ஓட்டி இறந்துபோனவன் விவேக். இருபத்துமூன்று வயது. அவன் அப்பா சந்தானம் கிடர்பூர் துறைமுகத்தில் அதிகாரி. ஜெர்மனியிலிருந்து பழைய கிளைடர் இரண்டு கன்டெய்னரில் வந்து இறங்கியபோது, வேடிக்கை பார்க்க அப்பாவோடு போனவன்தான் விவேக். மறு வாரமே கிளப்பில் சேர்ந்துவிட்டான். பேச்சு ஓயாதவன். ரேடியோவில் கூட தேவையில்லாததெல்லாம் பேசுகிறான் என்று கோபு சாரிடம் நிறைய திட்டு வாங்கியிருக்கிறான்.

ஏப்ரல் மாதம் ஒரு சாயங்காலம், அவன் மேலே இருக்கும்போது மேற்கே கறுத்துக்கொண்டு, அந்த ஊரில் கால்பைசாகி என்று சொல்கிற கோடைப் புயல் வந்தது. காற்று திரும்பிவிட்டது. புழுதியில் எதிரே நிற்கிற ஆள் தெரியவில்லை. கீழே இருந்தவர்கள் மற்றக் கிளைடரைக் காப்பாற்றலாம் என்று அதை ஜீப்பில் கட்டி ஓடுபாதைக்குக் குறுக்கே இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஜீப்பில் ரேடியோ போட்டபடிதான் இருந்தது. அதில் ஒரு சத்தமும் வரவில்லை. திடீரென்று புழுதிக்குள்ளிருந்து கிலோ செவன் தாழ்வாக வந்தது. ஜீப்பைப் பார்த்து ஒடித்துத் திருப்பினான். இறக்கை தரையில் உரசி, மூக்கு திடலோரத்து மண்மேட்டில் போய் மோதியது.

விசாரணை அறிக்கை நான்கு பக்கம். அதில் எல்லோரும் திரும்பத் திரும்பப் படித்தது ஒரு வரிதான்: இறங்குவதற்கு முன் விமானி ரேடியோவில் அறிவிக்கவில்லை.

பதிமூன்றாம் நாள் காரியத்துக்குப் போனபோது விவேக்கின் அம்மா விஜயா, வந்தவர்களிடமெல்லாம் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தாள். "வாயே ஓயாதே அவனுக்கு. அன்னிக்கு மட்டும் ஏன் ஒரு வார்த்தை சொல்லலை?" பூங்கோதையிடமும் கேட்டாள். பூங்கோதை தலையை ஆட்டிவிட்டு, கொடுத்த காபியைக் குடித்துவிட்டு, பஸ் ஏறி வந்து நைட் ஷிஃப்டுக்குப் போனாள். வேலையில் ஒரு தவறும் செய்யவில்லை.

இப்போது ஹேங்கர் மூலையில், தார்ப்பாய்க்கு அடியில், கிலோ செவன் துண்டுகளாகக் கிடந்தது. ரேடியோவைக் கழற்றினாள். டிரான்ஸ்பாண்டரைக் கழற்றினாள். வயிற்றுப் பகுதியில் விரல் நீளத்துக்கு நீட்டிக்கொண்டிருந்த டிரான்ஸ்பாண்டர் ஆன்டெனா வளையாமல் இருந்தது. உள்பக்கம் அதற்காக ஒட்டியிருந்த, தோசை அளவு வட்டச் செப்புத் தகட்டையும் பிசினோடு பெயர்த்து எடுத்தாள். உலோக விமானத்துக்கு உடம்பே தகடு. ஃபைபர் கிளைடருக்கு நாமாகத்தான் ஒரு தகடு வைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆன்டெனா சும்மா ஒரு குச்சிதான். இதையெல்லாம் விவேக்குக்கு அவள் சொல்லியிருக்கிறாள். அவன் கேட்டுக்கொண்டே தகட்டில் முகம் பார்த்துத் தலை வாரினான்.

கடைசியாக வால்பகுதிக்கு வந்தாள். ரேடியோவின் ஆன்டெனா நிமிர்ந்து நிற்கும் வால் துடுப்புக்குள் இருந்தது. கம்பெனி பொருத்தியதன் கேபிள் அறுந்து போயிருந்ததால், போன வருஷம் ஆகஸ்டில் அவள்தான் புதிதாகச் செய்து போட்டாள். மெல்லிய மரச்சட்டத்தில் செப்பு நாடாவை ஒட்டி, கை மட்டும் நுழைகிற துளை வழியாக உள்ளே செருகி, தடவித் தடவி ஒட்டவைத்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று கண்ணால் பார்க்க வழியில்லை.

இப்போது பார்க்க முடிந்தது. துடுப்பு நெடுக்காகப் பிளந்திருந்தது. இடது பக்கத்து ஓடு உடைந்த இடத்தில், தேங்காய் நார் போல வெளுத்த கண்ணாடி இழை. வலது பக்கத்தில் வெளியே அதே வெள்ளைப் பெயின்ட், ஆனால் உடைந்த விளிம்பு கறுப்பாக இருந்தது.

விரலால் தடவிப் பார்த்தாள். கார்பன். எந்த ஊரிலோ, எந்தக் காலத்திலோ, யாரோ அந்தப் பக்கத்தைப் பழுது பார்த்தபோது கண்ணாடித் துணிக்குப் பதிலாகக் கார்பன் துணியை வைத்து ஒட்டி, மேலே பெயின்ட் அடித்துவிட்டிருக்கிறார்கள். கிளைடரோடு வந்த காகிதங்களில் அது இல்லை. கண்ணாடி இழை ரேடியோ அலையைத் தடுக்காது. கார்பன் தடுக்கும். ஆன்டெனாவுக்கு வலது பக்கம் சுவர் எழுப்பியதற்குச் சமம்.

பூங்கோதை ஸ்க்ரூடிரைவரைத் துணியில் துடைத்துக் கீழே வைத்தாள். பிறகு கோபு சாரைக் கூப்பிட்டாள்.

அன்று மத்தியானமே சோதித்துப் பார்த்தார்கள். பிளந்த துடுப்பைச் சேர்த்துக் கட்டித் தள்ளுவண்டியில் நிற்கவைத்து, ரேடியோவையும் பாட்டரியையும் இணைத்தாள். கோபு சார் மைக்கைப் பிடித்து ஒன்று, இரண்டு என்று எண்ண, அவள் கையடக்க ரேடியோவோடு ஒரு கிலோமீட்டருக்கு மேல் நடந்து திடலின் கடைசிச் சுவருக்குப் போனாள். இடது பக்கம் அவளைப் பார்த்து இருந்தபோது கோபு சார் காதுக்குள்ளேயே எண்ணினார். வண்டியைத் திருப்பி வலது பக்கத்தைக் காட்டச் சொன்னாள். இரைச்சல். இரைச்சலுக்குள் எங்கேயோ ஒரு 'நாலு'. அப்புறம் அதுவும் இல்லை.

வழக்கமாக அந்தத் திடலில் இடது கைப் பக்கமாகச் சுற்றி வந்துதான் இறங்குவார்கள். அன்று காற்று திரும்பியதால் விவேக் வலது கைப் பக்கமாகச் சுற்றியிருக்கிறான். சுற்றிய நேரம் முழுக்க அவனுடைய வலது பக்கம்தான் ஜீப்பைப் பார்த்திருந்தது.

திரும்பி நடந்து வந்தவளிடம் கோபு சார் சொன்னார். "இதை நம்மளோட வெச்சுக்கலாம் பூங்கோதை. அறிக்கை முடிஞ்சு போச்சு. கார்பன் இருந்தது உனக்கெப்படித் தெரியும்?"

"நான் வலது பக்கம் நின்னு பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும் சார்."

"ஏன் பார்க்கலை?"

"அந்தப் பக்கம் முழங்கால் தண்ணி நின்னுது. கிளைடரைத் திருப்பி வெச்சிருக்கலாம். நாலஞ்சு பேர் வேணும், மழை வர்ற மாதிரி இருந்துச்சு. முன்னாலயும் இடது பக்கமும் நல்லா கேட்டுது. போதும்னு கையெழுத்துப் போட்டுட்டேன்."

கோபு சார் ஒரு சிகரெட்டை எடுத்தார். சிகரெட்டைப் பற்றவைக்காமலே விரலில் வைத்துக்கொண்டிருந்தார். அழுகை வரும் என்று எதிர்பார்க்கிறார் போலிருந்தது. அவளும் எதிர்பார்த்தாள். வரவில்லை.

மறுநாள் டூட்டி முடிந்து நேராக லேக் கார்டன்ஸில் விவேக்கின் வீட்டுக்குப் போனாள். ஊர் முழுக்கக் கொண்டாடுகிற பூஜைக்கு இரண்டு வாரம்தான் இருந்தது. தெரு முனையில் பந்தலுக்கு மூங்கில் கட்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் மாடியில் சந்தானம் கதவைத் திறந்தார். ஆபீஸ் சட்டையைக்கூட மாற்றவில்லை.

"வாங்கோ. விஜயா, பூங்கோதை வந்திருக்கா."

உட்கார்ந்ததும் சொல்லிவிட்டாள். தள்ளிப் போட்டால் சொல்லமாட்டோம் என்று தெரிந்திருந்தது. ஆன்டெனா, கார்பன், சுவர், தண்ணீர் நின்றது, தன் கையெழுத்து, எல்லாவற்றையும் வரிசையாக, யாருடைய விஷயத்தையோ சொல்வதுபோலச் சொன்னாள். சொல்லச் சொல்ல, தன் குரல் பக்கத்து வீட்டு டிவியில் வருகிறதுபோல இருந்தது.

சந்தானம் துறைமுகத்தில் கப்பல்காரர்களை விசாரிக்கிற தோரணையில் கேட்டார். "சோதனை பண்ணினது நீங்க மட்டும்தானா?"

"நான் மட்டும்தான்."

"வேற யாரும் சரிபார்க்க வேண்டாமா?"

"வேண்டாம் சார். என் கையெழுத்து போதும்."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

அதுவரைக்கும் கதவோரம் நின்றிருந்த விஜயா அருகில் வந்து எதிரே உட்கார்ந்தாள். "அப்போ அவன் கூப்பிட்டிருக்கானா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். வழியெல்லாம் அப்படிச் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்துக்கொண்டு வந்தாள்.

"கூப்பிட்டானான்னு எனக்குத் தெரியாது மாமி. யாருக்கும் தெரியாது. கூப்பிட்டிருந்தாலும் எங்களுக்குக் கேட்டிருக்காது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

"என்ன சொல்லிக் கூப்பிடுவா?"

"யாரு மாமி?"

"இறங்கறதுக்கு முன்னாடி. என்னன்னு சொல்லணும் அவன்?"

காற்றோடு போய் வலது கைப் பக்கம் சுற்றி இறங்குகிறேன் என்பதற்கு ரேடியோவில் சொல்வதைப் பூங்கோதை சொன்னாள். "கிலோ செவன், டவுன்விண்ட், ரைட் ஹேண்ட், லேண்டிங்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"இன்னொரு தரம் சொல்லு."

சொன்னாள். விஜயாவின் உதடுகள் கூடவே அசைந்தன. பிறகு எழுந்து உள்ளே போய்விட்டாள். குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் வெகு நேரம் கேட்டது.

சந்தானம் வாசல் வரைக்கும் வந்தார். "எழுத்தில குடுங்கோ" என்றார். "அறிக்கையில அந்த வரி இருக்கப்படாது. அதுக்காகவாவது."

எழுதிக் கொடுத்தாள். மூன்று பக்கம், படத்தோடு. அக்டோபர் கடைசியில் இரண்டு பதில்கள் வந்தன. ஒன்று விசாரணை அலுவலகத்திலிருந்து: அந்த வரிக்குப் பதிலாக 'விமானி அறிவித்தாரா என்பதை உறுதி செய்ய இயலவில்லை' என்று திருத்தப்படுகிறது. இன்னொன்று அவளுக்கு: ஆறு மாதத்துக்கு எந்த விமானத்தின் ரேடியோ வேலைக்கும் அவள் கையெழுத்துப் போடக் கூடாது. அந்தக் காகிதத்தில் அவள் பெயரைத் தப்பாக அடித்திருந்தார்கள். பெற்றுக்கொண்டேன் என்று எழுதி, சரியான பெயரில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

கையெழுத்துத்தான் போடக் கூடாதே தவிர, வேலை செய்யலாம். கையெழுத்துப் போட வேறொரு இன்ஜினியரை கோபு சார் ஏற்பாடு செய்தார். நவம்பரில் இரண்டாவது கிளைடரின் வேலையை எடுத்தாள். முதலில், வால் துடுப்பின் துளைக்குள் ஒரு பலமான பல்பை இறக்கி, ஹேங்கர் கதவுகளை மூடச் சொன்னாள். கண்ணாடி இழையாக இருந்தால் வெளிச்சம் ஊடுருவும். கார்பன் இருந்தால் இருட்டாகத் தெரியும். இரண்டு பக்கமும் துடுப்பு முழுக்க இளஞ்சிவப்பாக ஒளிர்ந்தது, கையைச் சூரியனுக்கு நேரே பிடித்த மாதிரி. உடம்பு நெடுக இப்படியே பார்த்தாள். இருட்டு எங்கேயும் இல்லை. வயிற்றில் ஓட்டை போட்டு, உள்ளே செப்புத் தகட்டைப் படியவைத்து, டிரான்ஸ்பாண்டர் ஆன்டெனாவை முடுக்கினாள். அதன் அலை உடம்பில் படாமல் இருக்க, விமானியின் காலிலிருந்து எவ்வளவு தள்ளி என்று இரண்டு முறை அளந்தாள். கை தானாக வேலை செய்தது.

சோதனை நாளன்று சந்தானம் வந்து நின்றார். கோபு சார் சொல்லியிருக்க வேண்டும். காலில் துறைமுகத்து ரப்பர் பூட்ஸ்.

"கடைசிச் சுவர்கிட்ட நான் போய் நிக்கட்டுமா?" என்று கேட்டார்.

வேண்டாம் என்று சொல்லத் தெரியவில்லை. கையடக்க ரேடியோவைக் கொடுத்து, எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று காட்டினாள். அவர் சேற்றில் நிதானமாக நடந்து போனார். ஆறு பேர் கிளைடரைப் பிடித்துக்கொண்டார்கள். எட்டுத் திசைக்கும் திருப்பித் திருப்பி வைத்தார்கள். ஒவ்வொரு தடவையும் பூங்கோதை காக்பிட்டில் உட்கார்ந்து பத்து வரை எண்ணினாள். ஒவ்வொரு தடவையும் "கேக்கறது" என்று பதில் வந்தது. ஐந்தாவது திசையில் பதில் வரவில்லை. மறுபடி எண்ணினாள். இல்லை. மூன்றாவது தடவை எண்ண ஆரம்பித்தபோது அவர் குரல் வந்தது.

"கேட்டுது. முதல் தரமே கேட்டுது. சொல்லத் தோணலை."

"பரவாயில்லை சார்" என்றாள். கிளைடரை ஆறாவது திசைக்குத் திருப்பினார்கள்.

அடுத்த வாரம் கோபு சாரே அதை ஓட்டினார். பூங்கோதை அன்று டூட்டியில் இருந்தாள். ராடார் அறையிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்து, உங்கள் கிளைடர் திரையில் தெரிகிறது, உயரம்கூடக் காட்டுகிறது என்று வங்காளத்தில் சொல்லிவிட்டுப் போனார். அச்சா என்றாள். டீ ஆறிப் போயிருந்தது. குடித்தாள்.

விஜயாவை அதற்குப் பிறகு ஒரே ஒரு முறைதான் பார்த்தாள், டிசம்பரில், லேக் மார்க்கெட்டில். தமிழ்க் காய்கறி கிடைக்கிற வரிசையில், ஒரு கூடைக்கு இரண்டு பக்கமும் எதிரெதிரே நின்றார்கள். நகர்ந்து போய்விடலாமா என்று பூங்கோதை யோசித்துக்கொண்டிருக்கும்போதே விஜயா நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் கோபமும் இல்லை, சிநேகமும் இல்லை.

"முருங்கைக்காய் இன்னிக்கு பிஞ்சா இருக்கு" என்றாள். "எடுத்துக்கோ."

சொல்லிவிட்டுத் தன் பையைத் தூக்கிக்கொண்டு ட்ராம் போகிற சாலைப் பக்கம் நடந்துவிட்டாள். பூங்கோதை நான்கு முருங்கைக்காய் எடுத்தாள். வீட்டில் பருப்பு இருக்கிறதா என்று நினைவில்லை. ஏப்ரலுக்கு அப்புறம் அவள் சமைக்கவே இல்லை. பருப்பையும் சேர்த்து வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றாள்.