தேர் நின்ற வீடு

1

இந்தக் கதை கிடைத்தது ஒரு பல்வலியால். ராயபுரத்தில் பல் மருத்துவரைப் பார்த்துவிட்டு, வீங்கிய கன்னத்தோடு வழக்கமான சந்தில் நுழைந்தேன். ஒரு பழைய ஓட்டு வீடு இருந்த இடத்தை நீலத் தகரம் அடைத்து மறைத்திருந்தார்கள். அதைப் பார்த்து வலியை மறந்துபோனேன் என்று எழுத ஆசைதான், வலி மறக்கவில்லை. ஆனால் தகரத்தின் இடுக்கு வழியாக ஒரு பெண் உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் பிறந்தவராம். பெயர் ஜானட்.

2

முதல் தொடக்கம்: "1911ஆம் ஆண்டு, ரயில் எஞ்சினுக்குக் கரி அள்ளிப்போட்ட சவரிமுத்து இந்த வீட்டைக்…"

(விட்டுவிட்டேன். ஆண்டு என் கைச்சரக்கு. கொள்ளுத்தாத்தா சவரிமுத்து கட்டினார் என்பதற்கு மேல் ஜானட்டுக்கே தெரியாது.)

இரண்டாவது: "துறைமுகக் கரித்தூள் படிந்த அந்த ஓடுகள் எத்தனை தலைமுறைகளின்…"

(இதை எந்த வீட்டின் தலையிலும் கட்டலாம்.)

சரி, அவர் சொன்னதையே சொல்கிறேன். மூன்று அறை. மழை வந்தால் மூன்றிலும் ஒழுகும். வெள்ளைத் துணியைக் கொடியில் போட்டால் கறுத்துப்போய் வரும். சுவர் பிளந்து, கை நுழையும் அளவுக்கு ஆனபோது, அண்ணன் நெல்சனும் அவரும் பேசி வீட்டை விற்றார்கள். வாங்கியவர் இடித்துவிட்டார். ஜானட் இப்போது எர்ணாவூரில் மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறார். அங்கே ஒழுகுவதில்லை. அதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் இறங்கியது.

3

வருடா வருடம் மாதா திருவிழாவில் தேர் அந்தச் சந்து வழியாகத்தான் வரும். சந்தில் வேறு எந்த வீட்டுக்கும் நிற்காது. ஜானட் வீட்டு வாசலில் நிற்கும். அம்மா வியாகுலம்மாள் உயிரோடு இருந்தவரை அவர் மாலை போட்டார், பிறகு மகள். அப்பா இறந்த வருடமும் நின்றது. கணவர் விட்டுவிட்டுப் போன வருடமும் நின்றது. அன்று தேரைப் பிடித்துக்கொண்டு அழுததாகச் சொன்னார்.

வரும் ஞாயிறு திருவிழா. வீடு இல்லை.

"வூட்ட வித்ததுக்கு யாரும் ஒண்ணும் கேக்கல சார். மாதா கேக்கும்னுதான் பயமா கீது. தேரு நிக்காம போச்சுன்னா, நாங்க பண்ணது தப்புன்னுதான அர்த்தம்?"

(எனக்குக் கோயில் பழக்கம் கிடையாது. ஆனாலும் தேர் நின்றாக வேண்டும் என்று அந்த நிமிடமே ஆசைப்பட்டுவிட்டேன். எழுதுகிறவன் பாத்திரத்தின்மேல் பாசம் வைக்கக் கூடாதாம். வைத்தாயிற்று.)

4

இங்கே தண்டபாணி வருகிறார். அவரை உள்ளே விட எனக்கு இஷ்டமே இல்லை. சந்து முனையில் எலக்ட்ரிக் கடை வைத்திருப்பவர். பல வருடமாகத் தேருக்கு முன்னால் மூங்கில் கழியோடு நடப்பவரும் அவரே. கதைக்கு இரண்டு வரி தேறும் என்று அவரிடம் போனேன்.

"நிக்காம இன்னா பண்ணும் நைனா? போஸ்ட்லேர்ந்து அந்த வூட்டுக்குப் போன ஒயரு ரோட்டுமேல தொங்கிகினு இருந்துச்சு. மாதா கிரீடத்துல மாட்டும். நான் கழியால தூக்குவேன், தேரு நிக்கும்."

இழுக்கிறவர்களுக்குக் கூட்டத்தில் ஒயர் தெரியாதாம். துணி கட்டிய கழி நுனி மட்டும் தெரியும். அது உயர்ந்தால் நிற்பார்கள், இறங்கினால் நகர்வார்கள். வீட்டை இடித்தபோது ஒயரையும் கழற்றிவிட்டார்கள்.

இதை ஜானட்டிடம் சொன்னதுண்டா என்று கேட்டேன்.

"அது அதும்பாட்டுக்கு மால போட்டுகினு இருந்துச்சு. நான் ஏன் சொல்லணும்?"

5

முடிவு ஒன்று: நான் ஜானட்டிடம் உண்மையைச் சொல்கிறேன். அவர் சிரிக்கிறார். "ஒயரு யாரு வூட்டுக்குப் போச்சு சார்? எங்க வூட்டுக்குத்தான?"

(நல்ல பதில், இல்லையா? நான் எழுதிக்கொடுத்தது. உண்மையில் அவரிடம் சொல்லவே எனக்குத் தைரியம் வரவில்லை.)

முடிவு இரண்டு: தேர் நிற்காமல் போகிறது. ஜானட் மாலையை அப்படியே பையில் வைத்துக்கொண்டு எர்ணாவூர் பஸ்ஸுக்கு…

(இந்த வாக்கியத்தை முடிக்க மனசு வரவில்லை.)

முடிவு மூன்று: தேர் தானாக நிற்கிறது.

(நம்பாதவன் எழுதும் அற்புதம். ஜானட்டுக்கு அது செய்யும் துரோகம்.)

6

ஞாயிறு, பொழுது சாய்கிற நேரம். நீலத் தகரத்தை ஒட்டி ஜானட் நிற்கிறார். நல்ல புடவை, கையில் ஈரத்துணி சுற்றிய மாலை. தேர் சந்துக்குள் திரும்புகிறது. தண்டபாணிக்குத் தோள்பட்டை பிடித்துக்கொண்டுவிட்டது. கழியை என்னிடம் நீட்டினார், நான் ஒதுங்கிக்கொண்டேன். எழுதுகிறவன் தூக்கினால் அது முடிவு மூன்றுதான், கொஞ்சம் பவுடர் பூசியது.

அதனால் கழியை, வாசிக்கிற உங்கள் கையில் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். ஒன்றும் கனமில்லை. அண்ணாந்து பாருங்கள், மேலே ஒயர் இல்லை. பின்னால் இழுக்கிறவர்கள் கழி நுனியைப் பார்த்துக்கொண்டு வருகிறார்கள்.

தகரம் வந்துவிட்டது. ஜானட் ஈரத்துணியைப் பிரிக்கிறார்.