தன்சிங் வீட்டு ரொட்டி

ஒரு வாரமாக எங்கள் ராஜா ஜக்தேவ் பட்டினி கிடக்கிறார். அரண்மனைச் சமையல்காரன் நான். அடுப்பு மூட்டாமல் உட்கார்ந்திருப்பது பைத்தியம் பிடிக்க வைக்கிறது.

கோயிலின் வெள்ளிக் குடையைத் திருடியதாக இடையன் தன்சிங்கைத் தூக்கில் போட்டார்கள். அவன் கதறியதை ராஜா முழுசாகக் கேட்கவில்லை. வேட்டைக்குப் போகும் அவசரம்! பிறகு அந்தக் குடை பூசாரியின் வைக்கோல் பரணில் கிடைத்தது. குற்றமற்றவனைக் கொன்ற அரசன் மூன்று நாள் உண்ணக்கூடாது, அதன்பின் செத்தவன் வீட்டார் மனசாரத் தரும் ரொட்டியைத் தின்றுதான் விரதம் முடிக்க வேண்டும் என்பது எங்கள் மலைநாட்டு வழக்கம். மூன்று நாள் எப்போதோ முடிந்துவிட்டது. தன்சிங்கின் மனைவி ருக்மா வரவே இல்லை.

ராஜாவின் தம்பி பைரவ் சிரிக்கிறான்.

"ஒரு ஆட்டுக்காரனுக்காகச் சாவாங்களா? நானா இருந்தா அன்னிக்கே கறி தின்னிருப்பேன்."

அடுத்த ராஜா அவன்தான்.

இன்று காலை திவான் வேறெவளோ சுட்ட ரொட்டியைக் கொண்டுவந்து நீட்டினார். ராஜா என்னைப் பார்த்தார்.

"இது ருக்மா குடுத்ததா?"

"இல்லீங்க மகராஜ்," என்றேன். திவான் முறைத்தார். முறைக்கட்டுமே!

ராஜா என் தோளைப் பிடித்துக்கொண்டு மலையிறங்கினார். விழுந்து எழுந்து ருக்மாவின் வாசலுக்கு வந்து தரையில் உட்கார்ந்தார்.

"தப்பு என்னுதுதான் தாயி. நான் கேட்டிருக்கணும்."

"கயிறு மாட்டும்போதுகூட, ராஜா வருவாரு, கேப்பாருன்னு சொன்னாராம் என் வீட்டுக்காரர்," என்றாள் ருக்மா.

ராஜா தலையைக் குனிந்துகொண்டார். "நீ ரொட்டி குடுக்க வேணாம். நான் இங்கயே கெடக்கேன்."

அவள் என் பக்கம் திரும்பினாள். "இவரு செத்தா யாரு சாமி வருவா?"

"பைரவ்."

அவள் உள்ளே போய்க் கேழ்வரகு ரொட்டி சுட்டு எடுத்துவந்தாள்.

"மனசாரக் குடுக்கறியா தாயி?" என்றார் ராஜா.

"மனசாரத்தான். ஆனா மன்னிச்சேன்னு நெனச்சுக்காத. நீ கொன்னுட்டுப் பட்டினியாவது கெடக்கற. அந்தப் பைரவ் அதுகூடக் கெடக்க மாட்டான். தின்னு."

ராஜா தின்றார். ருக்மா ஆடுகளை அவிழ்த்துவிடப் போனாள்.