இருபத்தேழாம் இலக்க வள்ளம்

சவப்பெட்டிக்குள் கிடந்த அப்பா றெமிஜியஸின் விரல்களுக்குள் நிற்கமாட்டேன் என்று செபமாலை அடம்பிடித்தது. ஷரோன் மூன்றாவது தடவையாக அதைச் சுற்றி, சிலுவை மேலே தெரிகிற மாதிரி வைத்தாள். கையை எடுத்ததும் மறுபடி கோட்டுப் பக்கமாக வழிந்தது. அப்பா வாழ்நாளில் இரண்டு தடவைதான் கோட்டுப் போட்டவர். கனடாக் குடியுரிமை எடுத்த அன்று ஒரு தடவை, இது மற்றது. கோட்டு அதேதான். ஆள்தான் பாதியாகிவிட்டார்.

மலர்ச்சாலைக்காரர் வந்து, தான் பார்த்துக்கொள்வதாகச் சைகை காட்டினார். சனம் பார்வைக்கு வர இன்னும் இருபது நிமிடம் இருந்தது. அவளுடைய கைப்பைக்குள் தொலைபேசி அதிர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமையிலும் விடாமல் எடுக்கிற ஆள் சுபாங்கி ஒருத்திதான். ஷரோனைவிடப் பத்து வயது இளையவள், இங்கேயே பிறந்தவள், வேலையில் ஷரோனுக்கு மேலதிகாரி.

"அக்கா, றியலி சொறி. இந்த நேரத்திலை எடுக்கக்கூடாதெண்டு தெரியும். நாளைக்குப் பன்னிரண்டு மணிக்கு லிஸ்ற் குளோஸ் பண்ணுது. இருபத்தேழாம் நம்பரைச் சேர்க்க வேண்டாமெண்டு நீங்கள் ஒப்ஜெக்ஷன் போட்டிருக்கிறீங்கள். சாட்சிக்கு மிஸ்டர் றெமிஜியஸ் எண்டு எழுதியிருக்கு. அக்கா, அது அங்கிளோ?"

"ஓம்."

அந்தப் பக்கம் சுபாங்கி எதையோ தட்டித் திறந்தாள். "அவற்ற போன் நம்பருக்கு உங்கட நம்பரைக் குடுத்திருக்கிறீங்கள்."

"அந்தக் கட்டத்தை வெறுமையா விட ஏலாது, சுபாங்கி. விட்டால் ஃபோர்ம் போகுதில்லை."

"அப்ப நாளைக்கு ரிவியூவர் உங்களுக்குத்தான் எடுப்பார். நான் ஒண்டும் பாக்கேல்லை. ஆனா பிறகு அது படைப் போட் எண்டு வந்துதெண்டால், கீழை உங்கட பேர்தான் இருக்கும். வேலை போயிடும் அக்கா. ஒரு சொல்லுச் சொன்னால் காணும், ஒப்ஜெக்ஷனை எடுத்துவிடுறன்."

"நாளைக்குச் சொல்லுறன்," என்று ஷரோன் வைத்துவிட்டாள்.

விஷயம் இதுதான். மீன்பிடிக்கிற வேஷத்தில் கடலில் நின்று அயல்நாட்டுக் கப்பல்களை மறிப்பதற்கென்றே ஒரு நாடு ஒரு படை வைத்திருந்தது. அந்தப் படைக்கு மேல் பொருளாதாரத் தடை வந்தது. தடை போடுவது சுலபம், ஒரு கையெழுத்தோடு முடிந்துவிடும். எது படையின் படகு, எது பாவப்பட்ட மீனவனின் படகு என்று பிரிக்கிற தலையிடி மார்க்கம் நகரில் இருந்த ஷரோனின் நிறுவனத்துக்கு வந்து சேர்ந்தது. பட்டியலில் ஏறின படகுக்குக் காப்புறுதி கிடையாது, எண்ணெய் கிடையாது, எஞ்சின் சாமான் கிடையாது. விமானத்திலிருந்து எடுத்த நாற்பத்தொரு படங்களை வைத்துக்கொண்டு, மல்வேர்னில் தன் வீட்டுக் குசினி மேசையிலிருந்து ஷரோன் அப்படிப் பிரிப்பதற்கான விதிகளை எழுதிக்கொண்டிருந்தாள்.

படங்களை வெளியாட்களுக்குக் காட்டக்கூடாது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஈரல் கெட்டுக் கிடக்கிற அப்பா வெளியாளா இல்லையா என்று விதியில் எழுதியிருக்கவில்லை. பத்து நாட்களாகச் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தவர், மடிக்கணினியில் படகைக் கண்டதும் கண்ணாடியைக் கேட்டார்.

"உது பொய் வள்ளம். உதுவும் பொய். உது சரியான வள்ளம், ஐஸ் பெட்டியைப் பார். மற்றதுகளிலை நிக்கிறவங்கள் வலை போட்டுக் கனகாலம்."

அன்று அரைக் கோப்பை தயிரும் சாப்பிட்டார். ஷரோனுக்கு அப்படியொரு சந்தோஷம். மூன்று கிழமை மண்டையை உடைத்து அவள் பிரித்ததை மனுஷன் ஒரு மத்தியானத்தில் பிரித்து முடித்தார். நாற்பதிலும் இருவருடைய தீர்ப்பும் ஒன்று. இருபத்தேழில் மட்டும் இடறியது.

"உதை விடு. உது மீன்பிடி வள்ளம்."

"எனக்குப் படைப் போட் மாதிரியெல்லோ கிடக்கு. எதை வைச்சுச் சொல்லுறீங்கள் அப்பா? நான் காரணம் எழுதோணும்."

"முப்பது வருசம் கடல் தொழிலுக்குப் போனவன் சொன்னவன் எண்டு எழுது." அதோடு கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்துவிட்டார்.

வியாழக்கிழமை காலை அவருக்குப் பேச்சு ஒன்றிரண்டு சொல்லாகத்தான் வந்தது. வந்ததை அவர் இதற்குச் செலவழித்தார். "இருபத்தேழை லிஸ்ற்றிலையிருந்து எடுத்திட்டியோ?"

"ஓம் அப்பா, எடுத்திட்டன்."

எடுக்கவில்லை. எடுக்கிற எண்ணமும் இருக்கவில்லை. அவள் கீழே கோப்பி வாங்கப் போன நேரத்தில் அவர் போய்விட்டார். அவரிடம் கடைசியாகச் சொன்னது பொய் என்பது அவளைப் போட்டுக் குடைந்தது. மறுநாள் காலை, சவப்பெட்டி தெரிவுசெய்யப் போகமுன், மடிக்கணினியைத் திறந்து அந்த ஆட்சேபத்தை எழுதினாள். சாட்சியின் தொழில்: மீனவர். அனுபவம்: முப்பது வருடம்.

ஐந்து மணிக்குச் சனம் வரத் தொடங்கியது. ஸ்ரௌவ்வில்லில் மகளோடு இருக்கிற பேனாட் அங்கிள் ஆறு மணிக்கு வந்தார். அப்பாவோடு ஒரே வள்ளத்தில் பன்னிரண்டு வருடம் தொழிலுக்குப் போனவர். பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, சிலுவை போட்டு, அப்பாவின் கோட்டுக் கையை இழுத்துச் சரிசெய்துவிட்டார். அழவில்லை. ஷரோன் அவரைக் கோப்பி வைத்திருந்த மூலைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். நாளைக்கு ரிவியூவர் காரணம் கேட்டால் சொல்வதற்கு அவளிடம் ஒன்றுமில்லை. இவருக்காவது தெரிந்திருக்கும்.

"அங்கிள், இந்தப் படத்தை ஒருக்காப் பாருங்கோ. இது மீன்பிடி வள்ளமெண்டு அப்பா சொன்னவர். எப்பிடிக் கண்டுபிடிச்சிருப்பார்?"

பேனாட் தொலைபேசியை வாங்கி, இரண்டு விரலால் விரித்து விரித்துப் பார்த்தார்.

"உது மீன்பிடி வள்ளம் இல்லைப் பிள்ளை."

"வடிவாப் பாருங்கோ."

"என்னத்தை வடிவாப் பாக்கிறது? வலை இழுக்கிற வள்ளத்துக்கு விளிம்பிலை பெயின்ற் இருக்குமோ? தேஞ்சு பலகை தெரியும். உது பளபளக்குது. வலையும் கடையிலை கட்டின கட்டு அவிழ்க்காமல் கிடக்கு."

"அப்ப அப்பாவுக்குத் தெரியேல்லையோ?"

"றெமி அண்ணைக்கோ?" பேனாட்டுக்குச் சிரிப்பு வந்து, இடத்தை நினைத்து நின்றது. மறுபடி விரித்தார். பின்பக்கத்தில் அரைக் காற்சட்டையோடு ஒருவன் குந்தியிருந்தான். ஷரோன் அவனை நூறு தடவை பார்த்திருக்கிறாள். ஆட்கள் எண்ணிக்கை என்ற கட்டத்தில் அவனையும் சேர்த்து ஒன்பது என்று எழுதியும் இருக்கிறாள். "உவனைப் பாத்திருப்பார். கையைப் பார். தூண்டில் விடுறான்."

ஷரோன் குனிந்து அந்தக் கையைப் பார்த்தாள்.

"நாங்களும் ரெண்டு வருசம் உப்பிடி வலையை மடிச்சு வைச்சுக்கொண்டு ஓடினனாங்கள். சொன்ன இடத்திலை போய் நிக்கிறது. எந்தக் கப்பல் வருது, எத்தினை மணிக்கு வருது எண்டு வந்து சொல்லுறது. விடிஞ்சாப் பொழுதுபட்டா அதுதான். இருந்திருந்து விசர் பிடிக்கும். உன்ர அப்பர் பின்னாலை குந்தியிருந்து தூண்டிலை விட்டு ரெண்டு பாரை மீன் பிடிச்சுக்கொண்டுதான் கரைக்கு வருவார். வெறுங்கையோடை வீட்டுக்குப் போகேலாது எண்டுவார்."

"ஆர் உங்களை ஓடச் சொன்னது?"

"துவக்கோடை வந்தவங்கள் சொன்னவங்கள். ஆரெண்டு இப்ப என்னத்துக்கு? மாட்டம் எண்டால் எஞ்சினைக் கழட்டிக்கொண்டு போயிடுவாங்கள். பிறகு கொம்மா உலையிலை என்னத்தைப் போடுறது?"

அவளுக்குக் கோபம் வந்தது. பேனாட் மேல் இல்லை, பெட்டிக்குள் கிடந்தவர் மேல். முப்பத்தெட்டு வயது மகளிடம் ஒரு சொல் சொல்லாமல், அவளுடைய வேலையை வைத்துத் தன் காரியத்தைப் பார்க்க நினைத்த மனுஷன். கனடாவுக்கு வந்தபோதும் தொழில் என்ற இடத்தில் மீனவர் என்றுதான் எழுதியிருந்தார். அது பொய்யும் இல்லை. பேனாட் அங்கிள் தொலைபேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பால் விடாமல் கோப்பியை எடுத்துக்கொண்டு கதிரைகள் பக்கம் போனார். அன்று அவள் சுபாங்கிக்கு எடுக்கவில்லை.

திங்கட்கிழமை பூசை பத்தரைக்கே முடிந்துவிட்டது. சேமக்காலையில் மழை பெய்து நிலம் சொதசொதவென்று கிடந்தது. குருவானவர் சுருக்கமாகச் சொன்னார். ஆளாளுக்கு ஒரு பிடி மண் போட்டார்கள். சாப்பாடு ஆறிவிடும் என்று யாரோ சொல்ல, சனம் கார்களைப் பார்த்து நடந்தது. பதினொன்று இருபதுக்குத் தொலைபேசி அதிர்ந்தபோது குழியடியில் ஷரோனும், சற்றுத் தள்ளிப் பேனாட் அங்கிளும், மண்வாரியோடு இரண்டு வேலையாட்களும்தான் நின்றார்கள்.

நல்ல மரியாதையான ஆங்கிலக் குரல். மிஸ்டர் றெமிஜியஸுடன் பேசலாமா என்று கேட்டது.

அவர் வியாழக்கிழமை இறந்துவிட்டார், நான் மகள், படங்களைப் பார்க்கிறவளும் நான்தான் என்று ஷரோன் சொன்னாள். குரல் அனுதாபம் தெரிவித்தது. பிறகு, இல்லாத சாட்சியைத் தான் ஏற்க முடியாது என்று வருத்தத்தோடு விளக்கியது. மதியத்துக்கு முன் வேறு யாராவது பொறுப்பெடுத்தால் ஒழிய இருபத்தேழாம் படகு பட்டியலில் ஏறும். படத்தை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள்தானே, உங்கள் சொந்த அபிப்பிராயம் என்ன என்று கேட்டது.

தேயாத பெயின்ற் அவள் கண்ணுக்குள் நின்றது. அவிழ்க்காத வலையும் நின்றது.

"அதிலே ஒருவன் மீன் பிடித்துக்கொண்டிருக்கிறான்," என்றாள் ஆங்கிலத்தில்.

அப்படியொரு கட்டம் படிவத்தில் இல்லை என்றது குரல். மீன்பிடிப் படகா, படைப் படகா, இரண்டில் ஒன்று.

பேனாட் அங்கிள் அவளைப் பார்க்கவில்லை. சப்பாத்தில் அப்பின சேற்றைப் புல்லில் தேய்த்துக்கொண்டிருந்தார். வேலையாட்களில் ஒருவன், தொடங்கலாமா என்று தலையால் கேட்டான். ஷரோன் தலையாட்டினாள்.

"மீன்பிடிப் படகு," என்றாள்.

"பொறுப்பு உங்களுடையது என்று எழுதலாமா?"

"எழுதுங்கள்."

மண் விழத் தொடங்கியது. ஈர மண், சத்தம் பலமாகக் கேட்டது. அவள் குழிக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள். பதிவுக்குப் பெயர் வேண்டும், கடைசிப் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்ல முடியுமா என்று குரல் கேட்டது.

அவள் ஒரு காதைப் பொத்திக்கொண்டு நிதானமாகச் சொன்னாள். ஆர், ஈ, எம், ஐ, ஜி, ஐ, யூ, எஸ். அந்தப் பக்கம் ஒருவர் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டு வந்தார். நடுவில் ஒரு தடவை பிழைத்துவிட்டது என்று மன்னிப்புக் கேட்டார். ஷரோன் மறுபடி முதல் எழுத்திலிருந்து தொடங்கினாள்.