எழுந்து கொடுத்த இருக்கை

கிட்ட வாங்க, என் கண்ணுகளா. பாயை இப்படி இழுத்துப் போட்டு உட்காருங்கள். இலங்கையில் யட்டியாந்தோட்டைப் பக்கம் ரப்பர் பால் வெட்டிய பாக்கியம், கோலாலம்பூரில் ரயில் ஏறிய கதையைச் சொல்கிறேன். மனசு கனத்தாலும் முழுசாகக் கேட்டுவிட்டுப் போங்கள்.

இரண்டாயிரத்து மூன்றாம் வருடம். பாக்கியத்தின் தங்கை துஷ்யந்தி மலேசியாவுக்குத் தொழிற்சாலை வேலைக்குப் போய், அங்கேயே ஒரு தமிழ்ப் பையனைக் கட்டிக்கொண்டிருந்தாள். தாயில்லாத அவளைக் கைப்பிள்ளையிலிருந்து வளர்த்தவள் பாக்கியம்தான். தனக்கென்று ஒரு குடும்பம் தேடவில்லை. "ஒருதரம் வந்துட்டுப் போக்கா" என்று தங்கை டிக்கெட் அனுப்பியபோது, தோட்டத்து லயத்தில் ஒரு வீடு விடாமல் கொண்டுபோய்க் காட்டினாள்.

வந்து இறங்கியதும், "மாமியாருக்கு ஒடம்பு சொகமில்ல, நீ என் கூட்டாளி ரூம்ல தங்கிக்கக்கா" என்றாள் துஷ்யந்தி. பாவம், மாமியாருக்கு என்னவோ என்று பாக்கியம் இரண்டு நாளும் சாமி கும்பிட்டாள். மூன்றாம் நாள் தங்கை அவளை எல்.ஆர்.டி. ரயிலில் ஊர் சுற்றக் கூட்டிப் போனாள். கிடைத்த ஒற்றை இருக்கையில் அக்காவை உட்கார வைத்துவிட்டுத் தான் நின்றாள். வீட்டுக் கூரைகளுக்கு மேலே ஓடியது ரயில்.

"டிரைவர் எங்கடி?"

"டிரைவரே கெடையாது. தன்னால ஓடும்."

"வேல வாங்கக் கங்காணி இல்லாத மலை மாதிரியா? நாங்கன்னா மரத்தடியில தூங்கிருப்போம்டி!"

தங்கை வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அடுத்த ஸ்டேஷனில் நின்றது. தங்க வளையல் குலுங்க ஏறிய ஓர் அம்மா, "அட, துஷ்யந்தி! பக்கத்துல யாரும்மா?" என்றாள். மாமியாரின் கூடப்பிறந்தவள்.

துஷ்யந்தி அக்காவின் தோளை அழுத்தினாள். "அக்கே, முகுத் கியன்ன எபா." ஒன்றும் சொல்லாதே என்று சிங்களத்தில் சொன்னாள். அப்பாவுக்குத் தெரியாமல் எதையாவது மறைக்கும்போது சின்ன வயதில் இரண்டு பேரும் பேசிய பேச்சு அது. பிறகு தமிழில், "எங்கப்பாவோட எஸ்டேட்ல பால் வெட்டுறவங்க, சின்னத்தை. வைத்தியம் பாக்க அனுப்பிருக்காரு."

"கையப் பாத்தாலே தெரியுதே. வேலக்காரங்களுக்கு இவ்வளவு செய்றாரே, ஒங்கப்பா பெரிய மனுசன்."

அந்தப் பெரிய மனுசனைப் புதுவேட்டிகூட இல்லாமல் மூன்றாம் நம்பர் மலையடியில் புதைத்தவள் பாக்கியம். கறை ஏறிய விரல்களை மடக்கிக்கொண்டாள். 'நான் இவ அக்கா' என்று சொல்ல ஒரு மூச்சு போதும். அண்ணாந்து பார்த்தாள். தங்கையின் கண்கள் வேறெங்கோ இருந்தன.

துரையின் பெண்சாதி தொரசாணி எதிரே நிற்கையில் தோட்டத்தில் யாரும் உட்கார்ந்திருப்பதில்லை. பாக்கியம் எழுந்தாள். கையைக் கட்டிக்கொண்டு ஒதுங்கி, தங்கையைப் பார்த்துச் சொன்னாள்:

"ஒக்காருங்க, தொரசாணி."

தங்கை கையைப் பிடித்து இழுத்துத் தன்னை உட்கார வைப்பாள், 'சீ, என்னக்கா இது' என்பாள் என்று ஒரு நொடி காத்திருந்தாள்.

துஷ்யந்தி சின்ன மாமியாரை ஒருதரம் பார்த்தாள். பிறகு கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

ரயில் வளைவில் சாய்ந்தது. எல்லாரும் கம்பியைப் பிடித்தார்கள். பாக்கியம் கட்டிய கையை அவிழ்க்காமல், மலைச்சரிவில் பால் வெட்ட நிற்பதுபோல் பாதங்களை அகட்டி ஊன்றிக்கொண்டு நின்றாள்.

உங்கள் வாசலுக்கு வருகிறவர்களை நாலு பேர் முன்னால் முறை சொல்லிக் கூப்பிடும் வாய் உங்கள் வீட்டில் என்றைக்கும் இருக்கட்டும். அடுப்பு அணையாமல் நல்லா இருங்கள், கண்ணுகளா.